‘விலை திரும்பி வரும்’ என்று சொல்வதற்கு முன்: ரொறன்ரோத் தமிழ் வீட்டு முகவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய வீடு விற்பனை முகவர்களுக்கும் அடமானக் கடன் முகவர்களுக்கும்,

வணக்கம்.

ரொறன்ரோவிலும் அதைச் சூழ்ந்த மார்க்கம், பிக்கரிங், ஏஜெக்ஸ், பிரம்ரன் முதலிய நகரங்களிலும் ஒரு தமிழ்க் குடும்பம் வீடு வாங்க நினைத்தால், அது வங்கிக்குப் போவதற்கு முன்பே உங்களில் ஒருவரிடம்தான் வருகிறது. கோயில் திருவிழா மலரிலும் வாரப் பத்திரிகையின் முன்பக்கத்திலும் உங்கள் படம் இருக்கிறது. பிள்ளையின் அரங்கேற்றத்துக்கு நீங்கள் வருகிறீர்கள். ஊரில் எந்த ஒழுங்கை, யாருடைய பிள்ளை என்று விசாரித்து அறிந்த பிறகுதான் எம்மவர்கள் உங்களிடம் கையெழுத்துப் போடுகிறார்கள். இந்த நம்பிக்கையை நீங்கள் உழைத்தே சம்பாதித்தீர்கள் என்பதை நான் அறிவேன். அது இருப்பதனாலேயே இம்மடலை அரசாங்கத்துக்கோ மத்திய வங்கிக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

நான் எம்மவர்களுக்கு வருமான வரிக் கணக்குச் செய்து கொடுக்கும் தொழிலில் இருப்பவன். வாடகை வருமானப் படிவமும், லைன் ஒவ் கிரெடிட்டுக்கு, அதாவது வீட்டை ஈடாக வைத்து வேண்டியபோது எடுக்கும் கடனுக்கு, கட்டிய வட்டியின் கணக்கும், வங்கி அனுப்பிய புதுப்பித்தல் கடிதமும் வரிக்காலம் வந்தால் என் மேசைக்கு வந்துவிடும். அவற்றைக் கொண்டுவருபவர்கள் வரியைப் பற்றிப் பேசி முடித்த பின், எழுந்து போகும் வேளையில் கேட்பது ஒன்றுதான்: வீட்டு விலை எப்போது பழையபடி வரும்? ‘எங்கடை ஏஜென்ட் சொன்னவர், இன்னும் ஒரு வருஷம் பொறுங்கோ, வட்டி இறங்க விலை தன்பாட்டிலை ஏறிவிடும் எண்டு’ என்று தாங்களே பதிலும் சொல்லிவிடுகிறார்கள். இந்தப் பதிலைச் சொல்வதை நீங்கள் நிறுத்த வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். அதை நம்பி மாதாமாதம் கடன்மேல் கடன் எடுத்து வீட்டைப் பிடித்து வைத்திருக்கும் குடும்பங்களை நான் பார்க்கிறேன். அவர்கள் காத்திருக்கும் விலை அவர்கள் தாக்குப்பிடிக்கக்கூடிய காலத்துக்குள் வரப்போவதில்லை என்பதே என் உறுதியான கருத்து. அதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

2022 பெப்ரவரியில் ரொறன்ரோ பெரும்பாகத்தில் விற்கப்பட்ட வீடுகளின் சராசரி விலை 1,334,000 டொலரைத் தாண்டி நின்றது. 2024 முழு ஆண்டுக்கான சராசரி ஏறக்குறைய 1,117,600 டொலர். 2025இல் அது இன்னும் கீழே போனது. விற்பனை எண்ணிக்கை இதைவிடக் கடுமையாக விழுந்தது. 2021இல் 121,000க்கு மேற்பட்ட வீடுகள் கைமாறிய சந்தையில், 2024இல் கைமாறியவை 68,000ஐக்கூட எட்டவில்லை. இந்த எண்கள் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். இவை எதனால் இப்படி ஆயின என்பதில்தான் நாம் வேறுபடுகிறோம்.

நிலம் குறைவு, ஆட்கள் கூட, அதனால் விலை ஏறியது என்பது நீங்கள் வழமையாகத் தரும் விளக்கம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. ஆனால் 2020க்கும் 2022க்கும் இடையில் ஒன்ராறியோவின் நிலம் சுருங்கிவிடவில்லை. பெருந்தொற்றினால் எல்லைகள் மூடிக்கிடந்து வெளியிலிருந்து ஆட்கள் வருவது குறைந்திருந்த காலத்திலேயே விலை வேகமாக ஏறத் தொடங்கிவிட்டது. மாறியது கடன் ஒன்றுதான். 2020 மார்ச்சில் கனடிய மத்திய வங்கி தன் வட்டியை 0.25 சதவீதத்துக்கு இறக்கியது. அதே ஆண்டு ஜூலையில், அடமானக் கடன் வைத்திருப்பவர்களும் பெரிய கொள்வனவை யோசிப்பவர்களும் வட்டி நீண்ட காலம் தாழ்வாகவே இருக்கும் என்று நம்பலாம் என்று ஆளுநர் டிஃப் மாக்லம் வெளிப்படையாகவே சொன்னார். மாறும் வட்டிக் கடன்கள் 2 சதவீதத்துக்கும் கீழே கிடைத்தன.

அதன் விளைவை ஒரு சிறு கணக்கில் பார்க்கலாம். ஒரு குடும்பத்தினால் மாதம் 3,350 டொலர் கட்ட முடியும் என்று வைத்துக்கொள்வோம். 25 ஆண்டுக் கடனில் வட்டி 1.9 சதவீதம் என்றால் அந்தத் தவணைக்கு 800,000 டொலர் கடன் கிடைக்கும். வட்டி 4.3 சதவீதம் ஆனால் அதே தவணைக்குக் கிடைப்பது ஏறக்குறைய 617,000 டொலர். குடும்பம் அதுவே, சம்பளம் அதுவே, வீடும் பக்கத்துப் பள்ளிக்கூடமும் அப்படியே இருக்கின்றன. ஆனால் வாங்குபவரின் கையிலிருந்த 183,000 டொலர் இல்லாமல் போய்விட்டது. வாங்குபவர் எல்லோருக்கும் இதுவே நேர்ந்தால் விற்பவருக்கு என்ன விலை கிடைக்கும்? கடன் சுருங்கிய அளவு 23 சதவீதம். உச்சத்திலிருந்து சராசரி விலை இறங்கிய அளவும் அதற்கு அண்மையில்தான் இருக்கிறது. இது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

மலிவான கடன் முதல் வீட்டோடு நிற்கவும் இல்லை. எம்மவர்களிடையே நடந்தது உங்களுக்குத் தெரியும். 2005ஆம் ஆண்டளவில் வாங்கிய வீட்டின் விலை மூன்று மடங்காகியிருந்தது. அந்த வீட்டின்மேல் லைன் ஒவ் கிரெடிட் எடுத்து, அதை முற்பணமாகப் போட்டு ஓஷவாவில் ஒரு வீடு. அதன் விலை ஏறியதும் அதன்மேலும் கடன் எடுத்து, இன்னும் கட்டப்படாத ஒரு கொண்டோவுக்கு (தொடர்மாடி வீட்டுக்கு) வைப்புப் பணம். குறைந்ததற்குச் சீட்டுப் பணமும் தனியாரிடம் வாங்கிய இரண்டாம் அடமானமும். என் மேசைக்கு வந்த ஒரு குடும்பத்தின் கணக்கில், தகப்பன் தொழிற்சாலையில் இரவு வேலை, தாய் முதியோர் இல்லச் சமையலறையில் வேலை. இருவருடைய சம்பளத்தையும் கூட்டினால் வரும் தொகையைவிட அவர்கள் அந்த ஆண்டு கட்டிய வட்டி அதிகம். அந்தத் தொகையை நான் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தேன். அது சரியாகத்தான் இருந்தது. வித்தியாசத்தை எங்கிருந்து கட்டினீர்கள் என்று கேட்டபோது, லைன் ஒவ் கிரெடிட்டிலிருந்து என்று அந்தத் தாய் தாழ்ந்த குரலில் சொன்னார்.

இப்படிக் கடனால் ஏறிய விலை, கடன் வற்றிய பின் என்ன ஆகும் என்பதை அறிய வேறு நாட்டுக்குப் போகத் தேவையில்லை. இதே ரொறன்ரோவில் அது நடந்திருக்கிறது. 1989இல் இங்கு வீடுகளின் சராசரி விலை 273,698 டொலர். அதன் பின் விலை பெரும்பாலும் ஆண்டுக்காண்டு இறங்கி 1996இல் 198,150 டொலருக்கு வந்தது. ஏழு ஆண்டுகளில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டது. 1989இன் விலையை டொலர் கணக்கில் மீண்டும் தொட 2002 வரை, அதாவது 13 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது. சாமான் விலை ஏறியதையும் கணக்கில் எடுத்தால் 1989இல் வாங்கியவர் தன் பணத்தின் உண்மைப் பெறுமதியை மீட்டது 2010ஆம் ஆண்டளவில்தான். வாங்கியபோது முப்பது வயது என்றால், மீளும்போது ஐம்பதைத் தாண்டிவிட்டார்.

இந்தக் கதையில் நீங்கள் கட்டாயம் கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. 1990இல் ஐந்தாண்டு அடமான வட்டி 14 சதவீதத்தைத் தொட்டது. 1996இல் அது 8 சதவீதமளவுக்கு இறங்கிவிட்டிருந்தது. வட்டி ஏறக்குறைய பாதியாகிக்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில் பெரும்பாலும் விலையும் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. வட்டி இறங்கினால் விலை ஏறும் என்ற வாக்கியத்தை நீங்கள் அடுத்த முறை சொல்ல வாயெடுக்கும்போது இந்த ஆறு ஆண்டுகளை நினைவில் வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எம் சமூகத்துக்கு இந்தக் காலம் நினைவில் இல்லாததற்குக் காரணம் உண்டு. 1983க்குப் பிறகு வரத் தொடங்கி, 1980களின் இறுதியிலும் 1990களின் தொடக்கத்திலும் இங்கு வந்து இறங்கிய எம்மவர்களில் பெரும்பாலானோர் அப்போது வாடகைத் தொடர்மாடிகளில் இருந்தார்கள். அந்த வீழ்ச்சியில் வீட்டை இழந்தவர்கள் வேறு சமூகத்தவர்கள். இரண்டு வேலை செய்து, சீட்டுக் கட்டி, ஊருக்கும் பணம் அனுப்பி, முற்பணம் சேர்த்து எம்மவர்கள் வாங்கத் தொடங்கியபோது விலை அடிமட்டத்தில் இருந்தது. அங்கிருந்து ஒரு தலைமுறைக் காலம் விலை ஏறியதை மட்டுமே அவர்கள் கண்டார்கள். ‘காணி வீடு ஒருநாளும் இறங்காது’ என்று அவர்கள் நம்புவது அவர்களுடைய சொந்த அனுபவத்தின் முடிவு. அதற்காக அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வராது. ஆனால் சந்தையின் வரலாற்றைப் படித்து உரிமம் பெற்ற நீங்கள் அதே அனுபவத்தைச் சந்தையின் விதியாக விளம்பரம் செய்வது வேறு விடயம்.

கனடா அமெரிக்கா அல்ல, இங்கு தகுதியற்றவர்களுக்குக் கடன் கொடுக்கவில்லை, ஆகவே அங்கு நடந்தது இங்கு நடக்காது என்பது நீங்கள் சொல்லும் மற்றொரு வாதம். 1989இல் ரொறன்ரோவிலும் அத்தகைய கடன் இல்லை, விலை விழுந்தது. அமெரிக்காவில் 2006இலிருந்து 2012 வரை நாடளாவிய விலை நான்கில் ஒரு பங்குக்கு மேல் இறங்கிப் பழைய நிலையைத் தொடப் பத்தாண்டுகளளவு எடுத்தது. அயர்லாந்தில் 2007இலிருந்து 2013 வரை பாதிக்கு மேல் இறங்கி, 2007இன் விலையை 2022இல்தான் மீண்டும் கண்டார்கள். ஜப்பானில் 1991இல் தொடங்கிய நிலவிலை வீழ்ச்சி ஏறக்குறைய 15 ஆண்டுகள் நீடித்தது. வீழ்ச்சியின் ஆழம் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. ஆனால் இரண்டொரு ஆண்டில் எல்லாம் சரியாகிவிட்ட நாடு இவற்றுள் எதுவும் இல்லை. கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் உள்ள வேறுபாடுகளிற் சில கடன்காரருக்குப் பாதகமானவை என்பதையும் நீங்கள் சொல்வதில்லை. அங்கே 30 ஆண்டுகளுக்கும் வட்டியை நிலையாக வைத்துக்கொள்ளலாம். இங்கே ஐந்தாண்டுக்கு ஒருமுறை, பலருக்கு அதற்கும் முன்பே, புது வட்டிக்குத் தலைகொடுக்க வேண்டும். அங்கே சில மாநிலங்களில் வீட்டை வங்கியிடம் விட்டுவிட்டுப் போகலாம். ஒன்ராறியோவில் கடன் கொடுத்தவர் வீட்டை விற்றும் பணம் போதாவிட்டால் மீதிக்கும் கடன்காரரே பொறுப்பு.

இனி இன்றைய நிலைக்கு வருகிறேன். மத்திய வங்கியின் வட்டி 2022 மார்ச்சில் ஏறத் தொடங்கி 2023 ஜூலையில் 5 சதவீதத்தை எட்டியது. வட்டி இறங்கட்டும், பாருங்கள் என்று நீங்கள் அப்போது சொன்னீர்கள். 2024 ஜூனில் அது இறங்கத் தொடங்கியது. 2025 அக்டோபரில் 2.25 சதவீதத்துக்கு, அதாவது பாதிக்கும் கீழே, வந்துவிட்டது. விலை ஏறவில்லை. ஐந்தாண்டு நிலையான வட்டி மத்திய வங்கியின் வட்டியைப் பின்தொடர்வதில்லை, கடன்பத்திரச் சந்தையைப் பின்தொடர்கிறது என்பது ஒரு காரணம். மற்றொரு காரணம் எனக்கு இன்னும் முக்கியமானதாகத் தோன்றுகிறது. 2021இல் வாங்கியவர்களில் கணிசமானோர் குடியிருக்க வாங்கவில்லை, விலை ஏறும் என்பதற்காகவே வாங்கினார்கள். விலை ஏறாது என்று தெரிந்ததும் அவர்கள் சந்தையை விட்டுப் போய்விட்டார்கள். வட்டியைக் குறைத்து அவர்களைத் திரும்பக் கூப்பிட முடியாது. எஞ்சியிருப்பவர்கள் சம்பளத்தை வைத்து வீட்டை அளப்பவர்கள். ரொறன்ரோவின் சம்பளத்துக்கு இன்றைய விலைகூட மிக உயரத்தில்தான் இருக்கிறது.

ஆட்கள் வந்துகொண்டேயிருப்பார்கள் என்ற நம்பிக்கையும் பழைய வலுவில் இல்லை. 2024 அக்டோபரில் மத்திய அரசு நிரந்தர வதிவாளர்களின் இலக்கை 2025க்கு 500,000இலிருந்து 395,000 ஆகக் குறைத்தது. வெளிநாட்டு மாணவர்களுக்கான அனுமதிகளுக்கு அதே ஆண்டு தொடக்கத்திலேயே உச்சவரம்பு விதிக்கப்பட்டுவிட்டது. ஸ்காபரோவிலும் பிரம்ரனிலும் பேஸ்மென்ட் அறைகளை நிறைத்து, மேலே இருந்த குடும்பத்தின் தவணையில் ஒரு பங்கைக் கட்டிக் கொடுத்தவர்கள் அந்த மாணவர்கள்தான். ‘பேஸ்மென்ட் வாடகை 2,000 வரும்’ என்று கடன் விண்ணப்பத்தில் எழுதிய பல வீடுகளில் இப்போது அந்தக் கதவுக்குப் பக்கத்தில் வாடகைக்கு என்ற அட்டை தொங்குகிறது.

2024 டிசம்பரில் அரசு வேறொரு வழியையும் எடுத்தது. முற்பணம் குறைவாக உள்ளவர்கள் எடுக்கும், காப்புறுதி செய்யப்படும் அடமானக் கடனுக்கான வீட்டு விலை வரம்பை 10 இலட்சத்திலிருந்து 15 இலட்சம் டொலருக்கு உயர்த்தியது. முதல் வீடு வாங்குபவர்களுக்கு 30 ஆண்டுத் தவணையையும் அனுமதித்தது. உங்களில் பலர் இதைக் கொண்டாடி விளம்பரம் போட்டீர்கள். கடனை நீட்டி விலையைத் தாங்கிப் பிடிக்கும் முயற்சி இது என்பதே என் மதிப்பீடு. இது வீழ்ச்சியின் வேகத்தைக் குறைக்கலாம். ஆனால் இளையவர் ஒருவர் மேலும் ஐந்து ஆண்டுகள் வட்டி கட்டுவதன் மூலம்தான் அது நடக்கும்.

எனவே இனி என்ன நடக்கும் என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இது. 2022 பெப்ரவரியின் விலையை இந்தப் பத்தாண்டுக்குள் எதிர்பார்க்க வேண்டாம். எந்த மாதத்தில் அடிமட்டம் வரும் என்று எவராலும் கூற முடியாது. சில ஆண்டுகள் சற்று ஏறும், சில ஆண்டுகள் இறங்கும், பெரும்பாலும் ஒரே இடத்தில் நிற்கும். அப்படி நிற்கும் காலத்தில் சாமான் விலையும் சம்பளமும் மெல்ல ஏறி, வீட்டின் உண்மைப் பெறுமதி கண்ணுக்குத் தெரியாமல் குறையும். நல்ல பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் உள்ள தனிவீடு முதலில் மீளும். முதலீட்டாளருக்கென்றே கட்டப்பட்ட சிறிய கொண்டோக்கள் கடைசியில் மீளும், அல்லது இப்போது வைத்திருப்பவர் வைத்திருக்கும் காலத்துக்குள் மீளாமலே போகும். குடியிருக்கும் வீட்டின் தவணையைச் சம்பளத்தில் கட்டக்கூடியவர் இதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. சம்பளத்தில் கட்ட முடியாமல், விலை ஏறினால் விற்றுக் கடனைத் தீர்க்கலாம் என்று இருப்பவர் இன்றே உட்கார்ந்து கணக்குப் பார்க்க வேண்டும்.

அந்தக் கணக்கை அவரோடு உட்கார்ந்து பார்க்க வேண்டியவர்களில் முதன்மையானவர்கள் நீங்கள். 2021இல் 800,000 டொலரை 1.9 சதவீதத்துக்கு ஐந்தாண்டுக்கு எடுத்தவர் மாதம் ஏறக்குறைய 3,350 கட்டினார். 2026இல் அவருக்கு மீதி 669,000 டொலரளவு இருக்கும். அதை எஞ்சிய 20 ஆண்டுகளுக்கு 4.3 சதவீதத்தில் புதுப்பித்தால் மாதம் 4,145 டொலரளவு வரும். ஏறக்குறைய 800 டொலர் கூட. இவர் நல்ல நிலையில் இருப்பவர். மாறும் வட்டியில் தவணையை மட்டும் மாற்றாமல் வைத்திருந்த பலருக்கு, 2023இல் அந்தத் தவணை வட்டிக்கே போதாமல், கட்டாத வட்டி முதலோடு சேர்ந்து கடன் வளர்ந்தது. மாதந் தவறாமல் கட்டிவந்தவருக்குக் கடன் கூடியிருக்கிறது என்ற செய்தியை வங்கிக் கடிதத்தில் முதன்முறையாக வாசிக்கும் ஒருவரின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். அப்படியும் நடக்கலாம் என்று கையெழுத்துப் போட்ட நாளில் யாரும் தனக்குச் சொல்லவில்லை என்றார்.

வட்டி ஏறினாலும் கட்ட முடியுமா என்று கடன் கொடுக்குமுன் வங்கி பார்க்கும் தாங்குதிறன் சோதனை இருந்ததே என்று நீங்கள் கேட்கலாம். 2021 ஜூனிலிருந்து அந்தச் சோதனையின் கீழ்வரம்பு 5.25 சதவீதம். 2023 ஜூலைக்குப் பிறகு மாறும் வட்டிக்கு அடிப்படையான வங்கிகளின் முதன்மை வட்டி 7.20 சதவீதமாக இருந்தது; அதில் ஒரு சதவீதம் கழிவு பெற்றவர்கூடச் சோதித்த அளவைத் தாண்டித்தான் கட்டினார். தனியார் கடன் கொடுப்பவர்களுக்கோ அந்தச் சோதனையே பொருந்தவில்லை. வங்கி மறுத்த விண்ணப்பத்தை அத்தகையவர்களிடம் கொண்டுபோய் ‘ஒரு வருஷத்திலை வங்கிக்கு மாத்தலாம்’ என்று சொன்ன முகவர்கள் உண்டு. வீட்டு விலை இறங்கியதால் அந்த ஒரு வருடம் பலருக்கு இன்னும் முடியவில்லை.

கட்டப்படுவதற்கு முன்பே விற்கப்பட்ட கொண்டோக்களைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். எம்மவர்களின் சேமிப்பு அதிகம் அழிந்துகொண்டிருப்பது அங்கேதான். 2021இல் 650,000 டொலருக்கு ஒருவர் ஒப்பந்தம் செய்து, 20 சதவீதம், அதாவது 130,000 டொலர் வைப்புக் கட்டினார் என்று வையுங்கள். கட்டடம் முடிந்து வீட்டைப் பொறுப்பேற்கும் வேளையில் வங்கியின் மதிப்பீட்டாளர் அதை 520,000 என்று மதிப்பிடுகிறார். வங்கி தருவது அந்த மதிப்பில் 80 சதவீதம், 416,000 டொலர். வைப்பையும் கடனையும் கூட்டினால் 546,000. இன்னும் 104,000 டொலரைக் கையில் வைத்துக்கொண்டு சட்டத்தரணியின் அலுவலகத்துக்குப் போக வேண்டும். அதைக் கட்டினால், ஒரு இலட்சத்து முப்பதாயிரம் டொலர் பெறுமதி குறைந்த வீடு ஒன்று கையில் இருக்கும். அதன் வாடகை தவணைக்குக் காணாது. கட்டாவிட்டால் வைப்புப் பணம் போகும், அதற்கு மேலும் நட்டத்தைக் கேட்டுக் கட்டுநர் வழக்குப் போடலாம். கையெழுத்தை வேறொருவருக்கு மாற்றி விற்கலாம் என்று சொன்னீர்களே என்று கேட்டால், வாங்க ஆளில்லை. ரொறன்ரோப் பகுதியில் புதிய கொண்டோ விற்பனை 2024இல் ஏறக்குறைய 30 ஆண்டுகளில் காணாத அளவுக்கு வீழ்ந்துவிட்டது.

இந்த விற்பனைகளுக்குக் கட்டுநர் உங்களுக்குத் தந்த தரகு, பழைய வீடொன்றை விற்றுக் கொடுப்பதில் கிடைப்பதைவிடப் பல வேளைகளில் கூடுதலாக இருந்தது. மண்டபங்களில் சிற்றுண்டி வைத்து, வரிசையில் நிற்க வைத்து, இன்று போட்டால்தான் உண்டு என்று கையெழுத்து வாங்கிய இரவுகள் உங்களுக்கு நினைவிருக்கும். புதிய கொண்டோ வாங்குபவர் ஒப்பந்தத்தைக் கைவிட ஒன்ராறியோச் சட்டம் 10 நாள் அவகாசம் தருகிறது. அந்தப் பத்து நாட்களுக்குள் ஒரு சட்டத்தரணியிடமும் ஒரு கணக்காளரிடமும் காட்டுங்கள் என்று சொல்லியிருந்தால் இன்று பல குடும்பங்கள் காப்பாற்றப்பட்டிருக்கும். சொன்னவர்களும் உங்களிடையே இருக்கிறார்கள். அவர்களில் சிலரை எனக்குத் தெரியும். அந்த ஆண்டுகளில் அவர்கள் குறைவாகவே சம்பாதித்தார்கள்.

இந்த வீழ்ச்சி எல்லோருக்கும் கேடு என்பது போல எம் வானொலிகளிலும் பத்திரிகைகளிலும் பேசப்படுகிறது. அது சரியல்ல. இங்கு பிறந்து படித்து, நல்ல வேலையில் இருந்தும் தாய்தகப்பனின் வீட்டு மேல்மாடியிலேயே திருமணத்துக்குப் பிறகும் இருக்க நேர்ந்த எத்தனையோ பிள்ளைகளுக்கு, விலை சம்பளத்துக்கு எட்டும் இடத்துக்கு வருவதைத் தவிர வேறு வழியே இல்லை. ‘இப்பவே வாங்காட்டி பிறகு ஒருநாளும் வாங்கேலாது’ என்று அவர்களைப் பயப்படுத்தி, தாய்தகப்பனின் வீட்டை அடமானம் வைக்கச் சொல்லி இன்னொரு வீட்டை வாங்க வைக்காதீர்கள். ஏறாத சந்தையில் காத்திருப்பவருக்கு நட்டம் இல்லை. அவர்களுக்கு நேரம் இருக்கிறது என்பதைச் சொல்லிக் கொடுங்கள்.

உங்களிடம் நான் கேட்பவை பெரிய காரியங்கள் அல்ல. வீடு வாங்க வரும் ஒருவருக்குக் கடந்த பத்தாண்டின் விலை வரைபடத்தை மட்டும் காட்டாமல் 1989இலிருந்து காட்டுங்கள். தவணைக் கணக்கைச் சொல்லும்போது, ஐந்து ஆண்டுகளின் பின் வட்டி இரண்டு சதவீதம் கூடினால் என்ன தொகை வரும் என்பதையும் அதே தாளில் எழுதிக் கொடுங்கள். பேஸ்மென்ட் வாடகை இல்லாமல் தவணை கட்ட முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் அந்த வீடு அவர்களுக்கு உரியதல்ல என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். சம்பளக் கடிதத்திலும் வருமானப் படிவத்திலும் வருமானத்தைக் கூட்டி எழுதித் தரும் ஆட்களை அறிமுகம் செய்யாதீர்கள். அப்படிப் பெற்ற கடனைக் கட்டவேண்டியவர் அந்த எண்ணில் உழைப்பவர் அல்ல. தன் உண்மையான சம்பளத்தில் உழைப்பவர். கடன் கொடுப்பவரிடமிருந்தும் கட்டுநரிடமிருந்தும் உங்களுக்கு என்ன கிடைக்கிறது என்பதைக் கேட்காமலே சொல்லுங்கள்.

ஏற்கெனவே இடரில் இருப்பவர்களுக்கு நீங்கள் செய்யக்கூடியது இதைவிட அவசரமானது. மத்திய அரசு 2023இல் வெளியிட்ட அடமானக் கடன் சாசனத்தின்படி, புதுப்பிக்கும் நாளுக்கு நான்கு முதல் ஆறு மாதங்கள் முன்பே வங்கி வாடிக்கையாளரோடு பேச வேண்டும். நெருக்கடியில் இருப்பவருக்குத் தவணைக் காலத்தை நீட்டுவது உட்படச் சலுகைகளை யோசிக்க வேண்டும். எம்மவர்கள் வெட்கத்தினாலும் பயத்தினாலும் அந்தக் கடிதத்தைப் பிரிக்காமல் வைத்துவிடுகிறார்கள். வங்கியோடு ஆங்கிலத்தில் வாதாடும் துணிவும் பலருக்கு இல்லை. 2021இலும் 2022இலும் நீங்கள் கடன் எடுத்துக் கொடுத்தவர்களின் விபரங்கள் உங்கள் கணினியிலேயே இருக்கின்றன. அவர்கள் உங்களைத் தேடி வரும்வரை காத்திராமல் நீங்களே ஒவ்வொருவருக்கும் தொலைபேசி எடுத்து, புதுப்பிக்கும் திகதி எது, இப்போது எவ்வளவு கட்டுகிறீர்கள், வேறு எங்கெல்லாம் கடன் இருக்கிறது என்று கேளுங்கள். இரண்டாவது வீட்டை விற்றால் முதலாவதைக் காப்பாற்றலாம் என்ற நிலையில் உள்ளவருக்கு, இன்றைய விலைக்கு விற்கச் சொல்லுங்கள். நட்டத்தோடு விற்பது கடினம் என்பது எனக்குத் தெரியும். ஊருக்கு என்ன சொல்வது என்று பலர் என்னிடம் அழுதிருக்கிறார்கள். ஆனால் தானாக விற்பவருக்குக் கிடைக்கும் விலை, தவணை தவறிக் கடன் கொடுத்தவர் விற்கும்போது கிடைப்பதில்லை. அந்த விற்பனையில் சட்டச் செலவும் தண்டப் பணமும் வட்டியும் முதலில் கழியும். அதன் பிறகு குடும்பத்துக்கு மிஞ்சுவது எவ்வளவு என்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

2021இல் ஐந்தாண்டுக்கு எடுக்கப்பட்ட கடன்களுக்கெல்லாம் 2026இல் புதுப்பிக்கும் நாள் வருகிறது. அந்தத் தொலைபேசி அழைப்புகளை இந்த வாரமே தொடங்குங்கள்.

இப்படிக்கு,
ஸ்காபரோவில் வரிக் கணக்குச் செய்யும் உங்களில் ஒருவன்